பெல்லட் அடுப்பும் பற்றவைப்புப் பொருட்களும்

பெல்லட் அடுப்பு, வேளாண் கழிவையோ மரத்தூளையோ உயர் அழுத்தத்தில் இறுக்கிச் செய்த சிறு உருளை வில்லைகளை எரிக்கும் அடுப்பு. இந்த வில்லைகள் பெல்லட் எனப்படுகின்றன. பெல்லட்டில் தீ நன்றாகப் பிடித்துக்கொண்டால் புகை மிகக் குறைவாக இருக்கும். ஆனால் விறகுச் சுள்ளியைப் போல ஒரு தீக்குச்சியில் அது பற்றிக்கொள்வதில்லை. தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடம் நின்றெரியும் வேறொரு நெருப்பு அதற்குத் தேவை. அந்த முதல் நெருப்பைத் தரும் பொருளைப் பற்றவைப்புப் பொருள் என்கிறோம். மண்ணெண்ணெய், கற்பூரம், தேங்காய் நார், மெழுகு தோய்த்த மரத்தூள் போன்றவை இவ்வாறு பயன்படுகின்றன.

இந்தியாவில் மிகப் பெரிய அளவில் விற்கப்பட்ட பெல்லட் அடுப்பு 'ஊர்ஜா'. இதன் அடிப்படை ஆய்வு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் தமிழக எல்லை ஊரான ஓசூர் உள்ளது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மக்கள் அடுப்பை எவ்வாறு பற்றவைத்தார்கள் என்ற நீண்ட வரலாற்றையும், பெல்லட் அடுப்பு என்ற குறுகிய கால முயற்சியையும் இணைத்து இக்கட்டுரை விவரிக்கிறது.

வட்டாரப் பின்னணி

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் பழைய சேலம் மாவட்டத்தின் பகுதி. கிருஷ்ணகிரியைச் சுற்றிய பாராமகால் பகுதி 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799ல் திப்புவின் வீழ்ச்சிக்குப் பின்னர் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. 1965ல் சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டமும், 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன.

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை 1970களில் அமைந்தது. 1980 முதல் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகியவற்றின் ஆலைகள் வந்தன. தொழிற்பேட்டைக்கு வெளியே ராகி, நிலக்கடலை, புளி, மாம்பழம், பட்டு வளர்ப்பு ஆகியவை சார்ந்த வேளாண் வாழ்க்கை தொடர்ந்தது. ஆகவே ஒரே வட்டாரத்தில் கல் அடுப்பில் ராகிக் களி கிண்டும் வீடும், எரிவாயு உருளை வைத்திருக்கும் தொழிலாளர் குடியிருப்பும், கொதிகலனுக்கு விறகும் கட்டைகளும் வாங்கும் ஆலையும் அருகருகே உள்ளன.

இங்கு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசப்படுகின்றன. தமிழில் தீப்பெட்டி, வத்திப்பெட்டி என்றும், தெலுங்கில் அக்கிபெட்டெ என்றும், கன்னடத்தில் பெங்கிபொட்டண என்றும் ஒரே பொருள் மூன்று பெயர் பெறுகிறது. மண்ணெண்ணெய்க்குத் தமிழில் சீமெண்ணெய் என்றும் கன்னடத்தில் சீமெஎண்ணெ என்றும் பெயர். சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்பதே இரண்டுக்கும் பொருள்.

ஞெலிகோலும் கங்கும்

மரத்தை மரத்தோடு கடைந்து தீ உண்டாக்கும் கருவி சங்க இலக்கியத்தில் ஞெலிகோல் எனப்படுகிறது. தீக்கடைகோல் என்பது பிற்காலப் பெயர். வேள்வித் தீக்காக இவ்வாறு கடையப்படும் கட்டைகள் அரணி எனப்பட்டன. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் ஞெலிகோலால் தீக்கடைந்து, அந்தக் கொள்ளியால் புல்லாங்குழலில் துளையிடும் காட்சி உள்ளது.

ஞெலிகோலுக்கு இவ்வட்டாரத்தோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. புறநானூற்றின் 315ஆம் பாடலில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியை வீட்டுக் கூரையின் இறப்பில் செருகி வைக்கப்பட்ட ஞெலிகோலுக்கு ஒப்பிடுகிறார். அது செருகியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. தேவை வரும்போது பெருந்தீயாக வெளிப்படும். அதியமானின் தலைநகரான தகடூர் இன்றைய தர்மபுரி. கூரையில் ஞெலிகோல் செருகி வைப்பது அன்றாட வழக்கமாக இருந்தால்தான் இந்த உவமை கேட்பவருக்குப் புரிந்திருக்கும். மழையில் நனையாமலும், அடுப்புப் புகையில் காய்ந்தபடியும் இருக்க இறப்பு ஏற்ற இடம். பற்றவைப்புப் பொருளை உலர்வாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி அன்றே நடைமுறையில் இருந்தது என்று கொள்ளலாம்.

பிற்காலத்தில் சக்கிமுக்கிக் கல்லையும் இரும்பையும் உரசி, பஞ்சில் பொறி விழச்செய்து தீ உண்டாக்கும் முறை பரவலாக இருந்தது. ஆனால் தினந்தோறும் புதிதாகத் தீ உண்டாக்குவது வழக்கமில்லை. இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். காலையில் சாம்பலை விலக்கி, கங்கின் மேல் காய்ந்த ஓலையோ சருகோ வைத்து ஊதினால் தீ பிடிக்கும். கங்கு அணைந்துபோன வீட்டார் பக்கத்து வீட்டுக்குச் சென்று, சிரட்டையிலோ வரட்டித் துண்டிலோ நெருப்பு வாங்கி வருவார்கள். பற்றவைப்பு அன்று அண்டை வீட்டு உறவைச் சார்ந்ததாக இருந்தது. நெருப்புக் கொடுக்க மறுப்பது உறவை முறித்துக்கொள்வதற்குச் சமமாகக் கருதப்பட்டது.

தீப்பெட்டியின் வருகை

உரசினால் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தைச் சேர்ந்த மருந்துக் கடைக்காரர் ஜான் வாக்கர் 1827ல் விற்கத் தொடங்கினார். அதன் பின் வந்த தீக்குச்சிகளில் வெண் பாஸ்பரஸ் பயன்பட்டது. அது தீக்குச்சி ஆலைத் தொழிலாளர்களின் தாடை எலும்பை அரிக்கும் கொடிய நோயை உண்டாக்கியது. 1906ல் பெர்ன் நகரில் உருவான பன்னாட்டு உடன்படிக்கை அதைத் தடை செய்தது. இந்தியாவில் 1913ல் இதற்கான தடைச் சட்டம் வந்தது. பெட்டியின் பக்கத்தில் மட்டும் உரசினால் பற்றும் பாதுகாப்பான தீக்குச்சிக்கு ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் எரிக் பாஷ் 1844ல் காப்புரிமை பெற்றார். இவ்வகையில் சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பக்கப்பட்டையிலும், பொட்டாசியம் குளோரேட் குச்சியின் மருந்திலும் தனித்தனியாக இருக்கும்.

தொடக்கத்தில் ஸ்வீடன், ஜப்பான் தீப்பெட்டிகள் இந்தியாவில் இறக்குமதியாயின. 1922ல் இறக்குமதி வரி உயர்த்தப்பட்டதும் உள்நாட்டு உற்பத்திக்கு வழி ஏற்பட்டது. ஸ்வீடிஷ் முதலீட்டில் விம்கோ நிறுவனம் 1923ல் தொடங்கப்பட்டது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923 முதல் சிவகாசியில் அதைத் தொடங்கினர். பின்னர் இத்தொழில் சாத்தூர், கோவில்பட்டி என விரிந்தது. வடதமிழகத்தில் குடியாத்தம், தர்மபுரி, காவேரிப்பட்டினம் ஆகிய ஊர்களிலும் தீப்பெட்டி ஆலைகள் அமைந்தன. காவேரிப்பட்டினம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனவே பற்றவைப்புப் பொருளைப் பயன்படுத்திய வட்டாரமே அதை உற்பத்தி செய்யும் வட்டாரமாகவும் ஆயிற்று.

தீப்பெட்டி குடும்பத்தை அண்டை வீட்டுக் கங்கிலிருந்து விடுவித்தது. அதற்கான விலையை வேறு சிலர் கொடுத்தனர். மழை குறைந்த, விவசாயம் பொய்த்த பகுதிகளில் இத்தொழில் வேரூன்றியதால் பெண்களும் சிறுவர்களும் மிகக் குறைந்த கூலிக்கு இதில் ஈடுபட்டனர். சிவகாசிப் பகுதிக் குழந்தைத் தொழிலாளர்கள் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991லும் 1996லும் அளித்த தீர்ப்புகள் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்பு வரலாற்றில் முக்கியமானவை. ஒரு ரூபாயாக நீண்டகாலம் இருந்த தீப்பெட்டியின் விலை 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாயாக உயர்ந்தது.

சீமெண்ணெய்

மண்ணெண்ணெய் முதலில் விளக்குக்கான எண்ணெயாக வந்தது. மின்விளக்கு பரவிய பின்னரும் அது சமையலறையை விட்டுப் போகவில்லை. திரி ஸ்டவ், பம்ப் ஸ்டவ் ஆகியவற்றின் எரிபொருளாகவும், விறகடுப்பின் பற்றவைப்புப் பொருளாகவும் நிலைத்தது. வரட்டித் துண்டிலோ கந்தல் துணியிலோ சில சொட்டுச் சீமெண்ணெய் ஊற்றி, அதை விறகின் அடியில் வைத்துக் கொளுத்துவது மழைக்காலத்தில் பெரும் உதவியாக இருந்தது. நியாயவிலைக் கடையில் மானிய விலையில் கிடைத்ததால் ஏழைக் குடும்பங்களும் இதைச் சார்ந்திருந்தன. குடும்ப அட்டை இல்லாமல் வேறு ஊர்களிலிருந்து ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வந்தவர்களுக்கு இந்த மானிய எண்ணெய் கிடைக்காது. அவர்கள் வெளிச்சந்தையில் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

சமையலறையில் மண்ணெண்ணெய் கேனை வைத்திருப்பது பேராபத்தாகவும் இருந்தது. 2009ல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு, 2001ல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,63,000 பேர் தீயினால் இறந்திருக்கலாம் என்றும், அவர்களில் சுமார் 1,06,000 பேர் பெண்கள் என்றும் மதிப்பிட்டது. சமையலறை விபத்து, தற்கொலை, குடும்ப வன்முறை ஆகிய மூன்றும் இந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உள்ளன. பற்றவைப்புக்கான சிறிதளவு எண்ணெய் என்றாலும் அது வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது என்பதே சிக்கல்.

புகையில்லா அடுப்பு முயற்சிகள்

விறகுப் புகையைக் குறைக்கும் முயற்சிகள் 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வேகம் பெற்றன. இந்திய அறிவியல் கழகத்தில் அ.கு.நா. ரெட்டி 1974ல் கிராமப்புறத் தொழில்நுட்பத்துக்கான 'அஸ்த்ரா' அமைப்பைத் தொடங்கினார். அங்கு உருவான அஸ்த்ரா ஒலெ என்ற அடுப்பு கர்நாடகக் கிராமங்களில் அறிமுகமானது. கன்னடத்தில் ஒலெ என்றால் அடுப்பு. மத்திய அரசு 1980களின் தொடக்கத்தில் மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. இத்திட்டத்தில் கட்டப்பட்ட அடுப்புகள் பல பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டன.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் எண்ணெய் நெருக்கடி பெல்லட் என்ற எரிபொருளை உருவாக்கியது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த வானூர்திப் பொறியாளர் ஜெர்ரி விட்ஃபீல்ட் 1980களில் வீட்டை வெப்பமூட்டும் பெல்லட் அடுப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். குளிர்நாட்டின் பெல்லட் அடுப்பு அறையைச் சூடாக்குவது. மின்சாரத்தில் இயங்கும் திருகு பெல்லட்டைச் சிறிது சிறிதாக எரிகலத்தில் தள்ளும். புதிய வகைகளில் சில நூறு வாட் திறனுள்ள மின்சூடேற்றி தானே பற்றவைத்துவிடும். பழைய வகைகளில் ஜெல்லோ மெழுகுக் கட்டியோ வைத்துக் கையால் கொளுத்த வேண்டும். இந்தியாவில் தேவைப்பட்டது சமைப்பதற்கான அடுப்பு. ஆகவே வேறு வடிவம் தேவைப்பட்டது.

அந்த வடிவத்தின் அடிப்படைக் கருத்தை அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் ரீட் 1985ல் முன்வைத்தார். எரிபொருளை ஒரு கலத்தில் நிரப்பி, அதன் மேற்பரப்பில் தீ வைத்து, அடியிலிருந்து காற்றை அனுப்புவது அவருடைய முறை.

ஊர்ஜா அடுப்பு

இந்திய அறிவியல் கழகத்தின் எரிதல், வாயுவாக்கம், உந்துவிசை ஆய்வகத்தில் எச்.எஸ். முகுந்தாவும் அவருடைய குழுவினரும் இத்துறையில் நீண்டகாலம் பணியாற்றி வந்தனர். அவர்களின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டு பிபி எண்ணெய் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு 'ஊர்ஜா' அடுப்பை 2006 முதல் விற்றது. அடித்தட்டு மக்களைச் சந்தையின் பகுதியாகப் பார்க்க வேண்டும் என்று எழுதிய மேலாண்மை அறிஞர் சி.கே. பிரகலாதின் சிந்தனை இம்முயற்சிக்குப் பின்னணியாக இருந்தது. கோயம்புத்தூரில் பிறந்தவர் அவர். கிராமப்புற விற்பனைக்குத் தன்னார்வ அமைப்புகளும் பெண்கள் குழுக்களும் துணை நின்றன.

ஊர்ஜா ஒரு சிறிய உலோக அடுப்பு. உள்ளே பீங்கான் போன்ற வெப்பந்தாங்கும் பொருளாலான எரிகலம் இருக்கும். அடியில் மின்கலத்தால் இயங்கும் சிறு விசிறி உண்டு. எரிகலத்தில் சுமார் 600 கிராம் பெல்லட் பிடிக்கும். அது ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எரியும். நிலக்கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்ற வேளாண் கழிவுகளிலிருந்து பெல்லட் செய்யப்பட்டது. சாதாரண விறகடுப்பு விறகின் ஆற்றலில் 10 முதல் 15 விழுக்காட்டையே பாத்திரத்துக்குத் தரும். ஆய்வகச் சோதனையில் இவ்வடுப்பு 50 விழுக்காட்டை எட்டியது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் விற்பனையாயின. பிபி 2009ல் இத்தொழிலை விட்டு விலக, புணேயைச் சேர்ந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டது.

பற்றவைப்பு நிகழும் விதம்

பெல்லட் ஏன் எளிதில் பற்றுவதில்லை என்பதற்கு அதன் சிறப்பே காரணம். மரம் நீரில் மிதக்கும். நன்கு இறுக்கப்பட்ட பெல்லட் நீரில் போட்டதும் மூழ்கும், பிறகு ஊறி உதிர்ந்துவிடும். அத்தனை அடர்த்தியும் வழவழப்பான பரப்பும் உள்ள பொருளில் வெப்பம் மெதுவாகவே ஏறும். விறகோ பெல்லட்டோ சூடேறி எரிவாயுவை வெளியிட்ட பிறகுதான் சுடர் நிற்கும். தீக்குச்சி சில நொடிகளில் அணைந்துவிடுவதால் அந்த நிலை வரும்வரை வெப்பம் தர அதனால் இயலாது.

இவ்வகை அடுப்பில் தீ மேலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. மேலடுக்கு பெல்லட் எரிந்து கரியாகும். அதற்குக் கீழுள்ள அடுக்கிலிருந்து எழும் வாயு அந்தக் கரியின் ஊடாக மேலே வந்து, எரிகலத்தின் விளிம்புத் துளைகளிலிருந்து வரும் காற்றோடு கலந்து எரியும். ஆகவே பற்றவைப்புப் பொருளை மேற்பரப்பில் பரவலாக வைக்க வேண்டும். விறகடுப்புப் பழக்கத்தில் அடியில் வைத்துக் கொளுத்தினால், வாயு மேலேயுள்ள குளிர்ந்த பெல்லட்டைத் தாண்டி எரியாமல் வெளியேறும். அதுவே கண்ணை எரிக்கும் வெண்புகை.

விசிறியைத் தொடக்கத்திலேயே வேகமாக வைத்தால் இளஞ்சுடர் அணைந்துவிடும். மேற்பரப்பு முழுவதும் தீ பிடித்த பிறகு விசிறியை மெதுவாக இயக்கி, பின்னர் வேகத்தைக் கூட்ட வேண்டும். ஊர்ஜாவைப் பற்றவைக்கப் பொதுவாகச் சிறிதளவு மண்ணெண்ணெயோ மெல்லிய சுள்ளிகளோ பயன்பட்டன. ஒரு முறைக்கு 10 மில்லிலிட்டர் எண்ணெய் என்று கொண்டால், நாளுக்கு இரு வேளைச் சமையலுக்கு மாதம் 600 மில்லிலிட்டர் தேவைப்படும். அளவு சிறியது. ஆனால் புகையில்லா அடுப்பு வாங்கிய வீட்டிலும் சீமெண்ணெய் கேன் மூலையில் இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று.

பற்றவைப்புப் பொருட்கள்

நல்ல பற்றவைப்புப் பொருளுக்கு ஐந்து தகுதிகள் தேவை. இரண்டு மூன்று நிமிடம் நின்றெரிய வேண்டும். மேற்பரப்பில் பரவ வேண்டும். உணவில் வாடை ஏறக்கூடாது. காற்றுத் துளைகளை அடைக்கும் எச்சம் மிஞ்சக்கூடாது. வீட்டில் வைத்திருப்பது ஆபத்தாக இருக்கக்கூடாது. இந்த அளவுகோலில் இவ்வட்டாரத்தில் கிடைக்கும் பொருட்களைக் கீழ்க்கண்டவாறு வகைப்படுத்தலாம்.

மண்ணெண்ணெய்: விரைவாகப் பற்றும், மழைக்காலத்திலும் பயன்படும். தொடக்கத்தில் வாடையும் கரும்புகையும் வரும். இதன் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஆகவே குளிர்ந்த பெல்லட்டின் மீது ஊற்றிக் கொளுத்தலாம். ஒருமுறை பற்றவைத்துத் தீ அணைந்த பின் சூடான பெல்லட்டின் மீது மீண்டும் ஊற்றினால் ஆவி எழுந்து, அடுத்த தீக்குச்சியில் குப்பென்று முகத்துக்கு நேராகப் பற்றும். விபத்து நேர்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் முயற்சியில்தான்.

பெட்ரோல், தின்னர்: தொழிற்பேட்டை ஊர்களில் தின்னர் எளிதில் கிடைக்கும். இவற்றின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். எந்த அடுப்புக்கும் இவற்றைப் பயன்படுத்தக்கூடாது.

கற்பூரம்: எல்லா வீட்டிலும் பூசை மாடத்தில் உள்ளது. நின்றெரியும், எச்சம் மிஞ்சாது. கரி படியும் சுடரும் மணமும் இதன் குறைகள். இரண்டு மூன்று கட்டிகளைப் பெல்லட்டின் இடுக்குகளில் பிரித்து வைத்தால் போதும். கற்பூரம் உடலுக்குள் சென்றால் நஞ்சு. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

தேங்காய் நார், பன்னாடை, காய்ந்த ஓலை: செலவில்லாதவை. விரைவாக எரிந்து முடிவதால் தனியாக இவை போதுவதில்லை. சிறு துண்டு சிரட்டைகளோடு சேர்த்து வைத்தால் தீ நிற்கும். சிரட்டையில் உள்ள எண்ணெய்ப்பசை சுடரை நீட்டிக்கும். ஈரம் ஏறினால் புகையும். ஞெலிகோலைப் போலவே அடுப்பருகே உலர்வான இடத்தில் வைக்க வேண்டும்.

மெழுகு தோய்த்த மரத்தூள்: தச்சுப்பட்டறை மரத்தூளை உருகிய மெழுகில் பிசைந்து சிறு வில்லைகளாகச் செய்வது. திரியும் எரிபொருளும் ஒன்றாக இருப்பதால் பல நிமிடம் எரியும். வீட்டிலேயே செய்யலாம், கொட்டாது, கசியாது. மெழுகை நேரடித் தீயில் உருக்காமல், கொதிக்கும் நீரில் வைத்த பாத்திரத்தில் உருக்க வேண்டும். தீக்குச்சியின் நுனியிலும் மெழுகு தோய்க்கப்படுவது இதே காரணத்துக்காகத்தான். மருந்து எரிந்த பின் சுடர் குச்சிக்குத் தாவ அந்த மெழுகு உதவுகிறது.

எத்தனால் ஜெல்: கரியோ வாடையோ இல்லாதது. பகல் வெளிச்சத்தில் இதன் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணி மேலும் ஊற்றினால் தீ குப்பிக்குள் தாவும்.

நெகிழிப் பை: பல வீடுகளில் வழக்கமாக உள்ளது. நச்சுப்புகை தருவது. உருகி எரிகலத் துளைகளை அடைக்கும். தவிர்க்க வேண்டியது.

இவற்றுள் மெழுகு வில்லையும், சிரட்டையோடு சேர்ந்த தேங்காய் நாரும் ஐந்து தகுதிகளுக்கும் அருகில் வருகின்றன. இரண்டும் இவ்வட்டாரத்தில் கிடைக்கும் கழிவுப் பொருட்களிலிருந்து செய்யத்தக்கவை.

ஊர்ஜாவின் சரிவு

ஊர்ஜா பற்றி விரிவான கள ஆய்வு ஒன்று மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் 998 வீடுகளில் நடத்தப்பட்டு 2014ல் வெளியானது. அதன்படி, அடுப்பை வாங்கிய வீடுகளில் 9 விழுக்காட்டினரே ஆய்வு நடந்தபோது அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். புகை, உடல்நலம் பற்றிய பரப்புரை வாங்கும் முடிவைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எரிவாயு இணைப்பு ஏற்கனவே இருந்த வீடுகளே அதிகம் வாங்கின. எரிவாயுவை மிச்சப்படுத்துவதே அவர்களின் நோக்கம்.

சரிவுக்கு முக்கியக் காரணம் பெல்லட்டின் விலை. வேளாண் கழிவு என்று பெயரிருந்தாலும் அதற்கு வாங்குவோர் பலர் இருந்தனர். செங்கல் சூளை, கொதிகலன், மாட்டுத் தீவனம் என ஒவ்வொன்றும் அதே கழிவுக்குப் போட்டியிட்டன. பெல்லட் விலை ஏற, மானிய எரிவாயுவோடும் காட்டில் பொறுக்கும் விறகோடும் அதனால் போட்டியிட முடியவில்லை. விறகு தீர்ந்தால் வேறு சுள்ளி பொறுக்கலாம். பெல்லட் தீர்ந்தால் அந்த அடுப்பால் பயனில்லை. ஃபர்ஸ்ட் எனர்ஜி வீடுகளை விட்டு, மானியமில்லாத எரிவாயு வாங்கும் உணவகங்கள், பெருஞ்சமையற்கூடங்கள் பக்கம் கவனத்தைத் திருப்பியது.

சமையல் முறையும் ஒரு காரணம் எனலாம். ராகிக் களி கிண்டுவதற்கு முதலில் பெருந்தீயும் பிறகு தணிந்த தீயும் வேண்டும். இரு கையாலும் அழுத்திக் கிண்டும்போது பாத்திரம் அசையக்கூடாது. கல் அடுப்பு தரையோடு நிற்பது. சிறிய உயரமான உலோக அடுப்பில் அந்த உறுதி குறைவு. எரிந்துகொண்டிருக்கும்போது இடையில் பெல்லட் சேர்த்தால் புகையும். ஒரே முறையில் சமைத்து முடிக்கும் வீட்டுக்கே அது பொருந்தியது.

இன்றைய நிலை

தமிழக அரசு 2007 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கியது. மத்திய அரசின் உஜ்வலா திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கியது. அதே ஆண்டு முதல் மண்ணெண்ணெய் விலை சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டு, 2020ல் மத்திய அரசின் மானியம் முடிவுக்கு வந்தது. நியாயவிலைக் கடைச் சீமெண்ணெய் அரிதாகிவிட்டது. எரிவாயு அடுப்புக்குப் பற்றவைப்புப் பொருள் தேவையில்லை, லைட்டரின் பொறியே போதும். எனினும் உருளை விலை ஏறும்போது வெந்நீருக்கும் களிக்கும் விறகடுப்பு மீண்டும் எரிகிறது.

பெல்லட் இப்போது சமையலறையிலிருந்து கொதிகலனுக்குச் சென்றுவிட்டது. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காடு உயிர்ம பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய மின்துறை 2021 அக்டோபரில் அறிவித்தது. இதனால் பெல்லட்டுக்குப் பெரிய வாங்குவோர் கிடைத்துள்ளனர். வீட்டு அடுப்புக்குச் சில்லறையில் பெல்லட் வாங்குபவர் அந்தச் சந்தையில் மிகச் சிறியவர்.

மதிப்பீடு

இவ்வட்டாரத்தின் அடுப்பு வரலாற்றில் ஒவ்வொரு பற்றவைப்புப் பொருளும் ஒரு சார்பை நீக்கி இன்னொரு சார்பைக் கொண்டுவந்தது. ஞெலிகோல் கைவலிமையைச் சார்ந்தது. கங்கு அண்டை வீட்டைச் சார்ந்தது. தீப்பெட்டி தொலைவில் உழைத்த கைகளைச் சார்ந்தது. சீமெண்ணெய் நியாயவிலைக் கடையைச் சார்ந்தது. பெல்லட் அடுப்பு இவற்றோடு ஆலையில் செய்த எரிபொருளையும், விசிறிக்கான மின்கலத்தையும் சார்ந்திருந்தது.

ஊர்ஜாவின் பொறியியல் வெற்றி ஐயத்துக்கிடமற்றது. புகையைக் குறைத்து விறகின் ஆற்றலை இருமடங்குக்கும் மேலாகப் பயன்படுத்தலாம் என்பதை அது நான்கு லட்சம் வீடுகளில் காட்டியது. ஆனால் எரிபொருள் கிடைக்கும் வழியும், முதல் நெருப்பு வரும் வழியும் குடும்பத்தின் கைக்குள் வரவில்லை. அடுப்பை வடிவமைப்பவர்கள் பற்றவைப்பைச் சிறிய வேலையாகக் கருதலாம். நாளுக்கு இருமுறை அடுப்பின் முன் குனிந்து தீக்குச்சி கிழிக்கும் பெண்ணுக்கு, அடுப்பு நல்லதா என்பது அந்த முதல் மூன்று நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. இனி வரும் பெல்லட் அடுப்புகள் ஏற்புப் பெற வேண்டுமானால், அடுப்போடும் பெல்லட்டோடும் பாதுகாப்பான பற்றவைப்பு வில்லையும் சேர்ந்தே கிடைக்க வேண்டும்.